கேப்பே வேலில பாதாம்பூ பாக்க போனோம், நடுக்காட்டுல இவ்ளோ பெரிய கேசினோ எப்படி வந்துச்சு?

ராஜி_சாக்ரமென்டோ எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். போன ஞாயித்துக்கிழமை அப்பாவ கூட்டிக்கிட்டு கலிஃபோர்னியால நம்ம சாக்ரமென்டோ பக்கத்துல இருக்கற கேப்பே வேலி போயிருந்தோம், வருஷா வருஷம் பிப்ரவரி கடைசில நடக்குமே பாதாம் திருவிழா, அதுக்குத்தான். 505ல இறங்கி ஹைவே 16 புடிச்சா மேடிசன், எஸ்பார்ட்டோ, கேப்பே, ப்ரூக்ஸ், குயிண்டா, ரம்சின்னு சின்ன சின்ன ஊரா ஒரே ரோட்டுல கோத்து வச்ச மாதிரி வருது, ரெண்டு பக்கமும் வெள்ளையும் இளம் ரோஸுமா பூ, கார் கண்ணாடிய இறக்குனா தேன் வாசனை. சில ஊர்ல மொத்தமே ஒரு கடை, ஒரு போஸ்ட் ஆபீஸ், அவ்ளோதான். நல்லா ரசிச்சுக்கிட்டே போறோம், ப்ரூக்ஸ் தாண்டி ஒரு வளைவுல திரும்புனா சடார்னு மாடி மேல மாடியா ஒரு பில்டிங், பார்க்கிங்ல ஆயிரக்கணக்குல கார், லைட்டு, பஸ்ஸு. அப்பா கேட்டாரு "என்னம்மா இது, காட்டுக்குள்ள கல்யாண மண்டபம் கட்டி வச்சிருக்கான்"னு.

கேஷ் க்ரீக் கேசினோன்னு போர்டு பாத்தேன். பழங்குடி கேசினோன்னு தெரியும், ஆனா அதுக்கு மேல அப்பாவுக்கு விளக்க எனக்கு ஒண்ணும் தெரியல. வெகாஸ்ல இருக்க வேண்டியது பாதாம் தோட்டத்துக்கு நடுவுல என்ன பண்ணுது? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

கோபி_ஃபால்சம் எழுதியது:

சிம்பிள்ங்க. ட்ரைபல் லேண்ட். வரி கிடையாது, ஸ்டேட் சட்டம் கிடையாது, கவர்மென்ட் குடுத்த சலுகை. அதான் கல்லா கட்டுறாங்க.

முத்து_டேவிஸ் எழுதியது:

கோபி ப்ரோ ஒரே வரில மூணு தப்பு.

முதல்ல சலுகைங்கறது. 1851-52ல கலிஃபோர்னியா பழங்குடிகளோட 18 ஒப்பந்தம் போட்டாங்க, நிலம் ஒதுக்கித் தர்றோம்னு கையெழுத்தெல்லாம் வாங்கிட்டு அமெரிக்க செனட் அத ஏத்துக்கல, அதோட விட்டாலும் பரவால்ல, அந்த பேப்பர எல்லாம் ரகசியம்னு பூட்டி வச்சாங்க, 1905 வரைக்கும் வெளிய வரவே இல்ல. அரை நூற்றாண்டு அந்த ஜனங்க எங்க நிலம் எங்கன்னு கேட்டா பதில் சொல்ல ஆளில்ல. இந்தப் பள்ளத்தாக்கு பாட்வின் மொழி பேசுற வின்டுன் மக்களோடது, இந்த கேசினோ நடத்தறதும் அவங்கதான், அதுக்கும் முன்னாடியே ஸ்பானிஷ் மிஷன்காரங்க இவங்கள புடிச்சிட்டு போனது, 1833ல வந்த மலேரியால ஊர் ஊரா செத்தது, அப்புறம் தங்க வேட்டை கூட்டம், எல்லாத்தையும் பாத்துட்டாங்க. மிச்சம் இருந்தவங்கள 1900களோட ஆரம்பத்துல கவர்மென்ட் கொண்டுபோய் ரம்சி பக்கம் ஒண்ணும் வெளையாத ஒரு துண்டு நிலத்துல தள்ளுச்சு. 1940ல அங்கேந்து கெளம்பி கொஞ்சம் தெக்கால இன்னொரு சின்ன இடத்துக்கு வந்தாங்க. ராஜி அக்கா பாத்த பில்டிங் "காட்டுக்குள்ள" இருக்குன்னா அவங்க போய் தேடிப்புடிச்ச இடம் இல்ல, அவங்கள ஒதுக்கிவிட்ட இடம் அது.

ரெண்டாவது சட்டம் கிடையாதுங்கறது. 1987ல சுப்ரீம் கோர்ட்டுல கபஸான்ங்கற பழங்குடிக்கும் கலிஃபோர்னியாவுக்கும் நடந்த கேஸ். அதுல வாதம் என்னன்னா, ஸ்டேட்டே லாட்டரி நடத்துது, சர்ச்சுல பிங்கோ ஆடுறாங்க, அப்ப உங்க ஊர்ல சூதாட்டம் தடை செஞ்ச குற்றம் இல்ல, வரைமுறையோட அனுமதிச்ச ஒண்ணு, அத பழங்குடி நிலத்துல மட்டும் கூடாதுன்னு சொல்ல ஸ்டேட்டுக்கு அதிகாரம் கிடையாது. கோர்ட் ஒத்துக்கிச்சு. அடுத்த வருஷமே, 1988ல, காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டு, ஸ்லாட் மெஷின் மாதிரி பெரிய ஆட்டம்னா ஸ்டேட்டோட ஒப்பந்தம் போட்டே ஆகணும்னு கட்டுச்சு. அதாவது அந்த 88 சட்டம் சலுகையே இல்ல, கோர்ட்டுல ஜெயிச்சதுக்கு போட்ட கடிவாளம்.

வரி பத்தி அப்புறம் எழுதறேன், லேபுக்கு நேரமாச்சு.

வெண்பா_விரும்பி எழுதியது:

விஷயத்துக்கு சம்பந்தமில்லாம ஒண்ணு. நான் ரொம்ப நாளா கேஷ் க்ரீக்னா காசு ஓடுற ஓடைன்னே நெனச்சிட்டு இருந்தேன், கேசினோவுக்கு பொருத்தமா பேர் வச்சிருக்கானேன்னு. அப்புறம்தான் தெரியும் அது பணத்துக்கு சொல்ற கேஷ் (cash) இல்ல, பதுக்கி வைக்கிற கேஷ் (cache), ஹட்சன்ஸ் பே கம்பெனிக்காக தோல் வேட்டையாட வந்தவங்க அந்த ஓடைக்கரைல மூட்டைய பதுக்கி வச்சதால வந்த பேரு. ஆனா நம்மாளுங்களுக்கு ஒரு ஆறுதல், அந்தக் காலத்துல வெள்ளைக்காரன் இந்தியா, சீனா சில்லறை நாணயத்துக்கு கேஷ்னு சொன்னானே, அது நம்ம காசுதான்.

கோபி_ஃபால்சம் எழுதியது:

ஆரம்பிச்சிட்டாங்கய்யா.

முத்து, வரலாறு எல்லாம் சரி, பாவம்தான். ஆனா ஒருத்தனுக்கு நடந்த அநியாயத்துக்கு இன்னொருத்தன் பாக்கெட்டுல கைய விடறது எப்படி நியாயம்? என் பழைய ரூம்மேட், எந்த ஊர் எந்த கேசினோன்னு வேண்டாம், வேற ஸ்டேட், ஒரே வருஷத்துல ஊர்ல வீடு கட்ட சேத்த பணம் மொத்தமும் போச்சு, அப்பா அம்மாகிட்ட சொல்ல தைரியம் இல்லாம ஒரு வருஷம் ஊருக்கே போகல. ஓசி பஸ், ஓசி சாப்பாட்டு கூப்பன்னு அனுப்பி அனுப்பி இழுத்தாங்க. நான் கண்ணால பாத்தது இது.

பாலு_ஃப்ரீமான்ட் எழுதியது:

தம்பி கோபி சொல்றதுல உண்மை இருக்கு, மறுக்க மாட்டேன். பே ஏரியால, அதான் சான் ஃப்ரான்சிஸ்கோ பக்கம், காலைல போய் நின்னு பாருங்க, கேசினோ பஸ்ல ஏறுறது முக்காவாசி நம்ம வயசுக்காரங்கதான், சீனப் பாட்டி, ஃபிலிப்பினோ தாத்தா, நடுவுல நான். பிள்ளைங்க வேலைக்குப் போயிடும், வீட்ல என்ன பண்றது. நான் இருபது டாலர் எடுத்துட்டுப் போவேன், கார்டு வீட்லயே வச்சிருவேன், தீந்துதா வெளிய வந்து உக்காந்து மலைய பாப்பேன். பக்கத்து சீட் அம்மா அப்படி இல்ல, ஒரு தடவை திரும்பி வர்ற ரெண்டு மணி நேரமும் ஜன்னல் பக்கமே மூஞ்சிய திருப்பி வச்சிட்டு வந்தாங்க. என்னன்னு கேக்க எனக்கு வாய் வரல.

ஒரு வேடிக்கை சொல்றேன். கலிஃபோர்னியால பழங்குடி கேசினோவுல ரூலெட்ல பந்து எந்த நம்பர்ல விழுந்துச்சோ அதுதான் ரிசல்ட்னு கிடையாது, சீட்டுதான் முடிவு பண்ணும். க்ராப்ஸ்லயும் தாயக்கட்டைக்கு பதிலா சீட்டு. சட்டம் அப்படி. 2022 நவம்பர்ல இத மாத்தலாமான்னு ப்ராப் 26ன்னு ஸ்டேட் முழுக்க ஒரு ஓட்டெடுப்பு வந்துச்சு, கூடவே ஆன்லைன் பந்தயத்துக்கு 27, ஜனங்க ரெண்டையும் தூக்கி எறிஞ்சிட்டாங்க.

செல்வி_எஸ்பார்ட்டோ எழுதியது:

நான் இங்கயே குடியிருக்கேன், ஒம்போது வருஷம் ஆச்சு. வெளியூர்லேந்து பூ பாக்க வர்றவங்க பேசறதும் பஸ்ல வந்து ஆடிட்டு போறவங்க பேசறதும் கேட்டுட்டேன், இருக்கறவங்க கதையும் கொஞ்சம் கேளுங்க.

எஸ்பார்ட்டோ ஒரு ரயில் ஊரு. 1888ல ரயில் வந்துச்சு, க்ளியர் லேக் வரைக்கும் போகும்னு சொல்லி இந்த வேலி முழுக்க மனை போட்டு வித்தாங்க, ரயில் அங்க போகவே இல்ல. ஊருக்கு முதல்ல எஸ்பரான்சான்னு பேரு, நம்பிக்கைன்னு அர்த்தம், ஏற்கனவே அந்தப் பேர்ல இன்னொரு ஊர் இருந்ததால மாத்தி ஒரு புல்லோட பேர வச்சாங்க. நம்பிக்கை போய் புல்லு ஆச்சுன்னு என் வீட்டுக்காரர் சொல்லுவார் :) அதாவது வெளிய இருந்து ஒருத்தன் வந்து பெருசா ஏதோ வரப்போகுதுன்னு சொல்றது இந்த ஊருக்கு புதுசு இல்ல.

கேசினோ 1985ல ஒரு பிங்கோ ஹாலா ஆரம்பிச்சது. 2000 மார்ச்சுல ப்ராப் 1ஏ பாஸ் ஆனதுக்கப்புறம் ஸ்லாட் மெஷின் சட்டபூர்வமா வந்துச்சு, 2004ல ஹோட்டல், 2008ல கோல்ஃப், கொஞ்ச வருஷம் முன்னாடி அறைங்க 600க்கு மேல போச்சு. ஒவ்வொரு தடவை பெருசாக்கும்போதும் ஊர்ல மீட்டிங், சண்டை, கையெழுத்து வேட்டை. பெரிய சண்டை எல்லாம் சூதாட்டம் பாவமா புண்ணியமான்னு இல்ல, ரோடு. ஹைவே 16 ரெண்டே லேன், ஒரு பக்கம் வாய்க்கா, ஒரு பக்கம் வால்நட் மரம், நடுவுல ட்ராக்டர் போகும், பின்னாடி ஷிஃப்ட்டுக்கு ஓடுறவங்க, அதுக்கும் பின்னாடி ராத்திரி முழுக்க முழிச்சிட்டு வீட்டுக்குப் போற ஆளு. விபத்து நடந்து நடந்துதான் ஸ்டேட் ரோட்ட அகலப்படுத்துற வேலைக்கே வந்துச்சு.

ஆனா இன்னொண்ணும் சொல்லணும். உட்லேண்ட்லேந்து 215ம் நம்பர் யோலோபஸ் கேசினோ வரைக்கும் வருது. நடுவுல மேடிசன்ல, எஸ்பார்ட்டோல, கேப்பேல நிக்குது. கேசினோ இல்லன்னா இந்த கடைக்கோடி ஊருக்கு எவன் அவ்ளோ ட்ரிப் பஸ் விடுவான்? எங்க தெரு பாட்டி ஒருத்தங்க டயாலிஸிஸ்க்கு அந்த பஸ்லதான் போவாங்க, கூட உக்காந்து வர்றது ராத்திரி ஷிஃப்ட் முடிச்ச சமையக்காரங்க, ரெண்டு பேரும் மாத்தி மாத்தி தூங்கி வழிவாங்க.

அப்புறம் தீ. 2018 ஜூன் கடைசில குயிண்டா பக்கம் புடிச்சது கவுண்டி ஃபயர், 90,000 ஏக்கர் எரிஞ்சது, மாட்டுக்கு போட்ட கரண்ட் வேலி சரியா மாட்டாததாலன்னு பின்னாடி கண்டுபுடிச்சாங்க. சாம்பல் எங்க கார் மேல மாவு சலிச்ச மாதிரி விழுந்துச்சு. பழங்குடிக்குன்னு சொந்தமா முழுநேர தீயணைப்புப் படை இருக்கு, அவங்க எல்லைக்குள்ள மட்டும் இல்ல, வேலில எங்க கூப்பிட்டாலும் வருவாங்க. மத்த ஊர்ல எல்லாம் பெரும்பாலும் தன்னார்வலர்கள்தான்.

கோபி_ஃபால்சம் எழுதியது:

செல்வி மேடம் நல்லா எழுதறீங்க. இருந்தாலும் வரி மேட்டர முத்து இன்னும் சொல்லல பாருங்க, நழுவிட்டார்.

முத்து_டேவிஸ் எழுதியது:

நழுவல ப்ரோ, சாப்பிட்டுட்டு வந்தேன்.

பழங்குடிங்கறது ஒரு அரசு. யோலோ கவுண்டி வருமான வரி கட்டுதா? கலிஃபோர்னியா ஸ்டேட் ஃபெடரல் டாக்ஸ் ஃபைல் பண்ணுதா? அதே மாதிரிதான், அரசுக்கு அரசு வரி கட்டாது. ஆனா கேசினோ லாபத்துல பங்கு வாங்குற ஒவ்வொரு உறுப்பினரும் அந்தப் பங்குக்கு ஃபெடரல் வருமான வரி கட்டணும். வேலை பாக்குற வெளியாள் எல்லாரும் நம்மள மாதிரியே கட்டுறான். 2004ல கவர்னரா இருந்த ஷ்வார்ஸ்நெக்கர் அஞ்சு பழங்குடியோட புது ஒப்பந்தம் போட்டாரே, அதுல இவங்களும் உண்டு, மெஷின் எண்ணிக்கைக்கு இருந்த உச்சவரம்ப எடுக்கறதுக்கு பதிலா ஸ்டேட்டுக்கு பணம். கவுண்டியோட அதுக்கு முன்னாடியே தனி ஒப்பந்தம், ரோடு, போலீஸ் மாதிரி பாதிப்புகளுக்கு. கேசினோ இல்லாத பழங்குடிகளுக்குன்னு ஒரு பொது நிதி இருக்கு, கேசினோ வச்சிருக்கவங்க போடற காசு, ஒவ்வொரு பழங்குடிக்கும் வருஷத்துக்கு 11 லட்சம் டாலர். ஏன்னா எல்லா பழங்குடிக்கும் பெரிய ஊர் பக்கத்துல நிலம் அமையல. மலை உச்சில, எவனும் வராத இடத்துல ஒதுக்கப்பட்டவங்க ஸ்லாட் மெஷின் வச்சா ஈ ஓட்ட வேண்டியதுதான். இவங்களுக்கு சாக்ரமென்டோ ஒரு மணி நேரம், பே ஏரியா ரெண்டு மணி நேரம். லக்குன்னா அதான் லக்கு.

உங்க ரூம்மேட் விஷயத்துக்கு என்கிட்ட பதில் இல்ல. அத சரின்னு சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன்.

ராஜி_சாக்ரமென்டோ எழுதியது:

அய்யோ எவ்ளோ விஷயம், அப்பாவுக்கு வாசிச்சு காட்டிட்டு இருக்கேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேக்குறார், "ஆறு எங்க?" நாங்க போனப்ப தண்ணி ஓடுச்சு, ஆனா எஸ்பார்ட்டோ கிட்ட பாலத்துலேந்து பாத்தா அகலமான கூழாங்கல் படுகைல ஓரமா ஒரு வாய்க்கா மாதிரி. "வைகை மாதிரில்ல இருக்கு"ன்னாரு. முத்து நீங்கதான் தண்ணி படிக்கிறீங்கன்னு ப்ரொஃபைல்ல போட்டிருக்கே?

முத்து_டேவிஸ் எழுதியது:

அப்பா கரெக்டா புடிச்சிட்டார் அக்கா. கேஷ் க்ரீக் க்ளியர் லேக்லேந்து கெளம்புது, முழுசா கலிஃபோர்னியாவுக்குள்ளயே இருக்கற இயற்கை நன்னீர் ஏரிகள்ல அதுதான் பெருசு. ஏரி வாய்ல 1914ல ஒரு அணை கட்டுனாங்க, வறட்சில ஏரி மட்டம் ரொம்ப இறங்கிடுச்சுன்னா பாசனத்துக்கு ஒரு சொட்டு திறக்க மாட்டாங்க. அங்கேந்து மலை இடுக்கு வழியா ரம்சிக்கு வந்து வேலில நுழைஞ்சு கேப்பே அணைல தண்ணிய வாய்க்காலுக்கு திருப்பிடுவாங்க. அந்த அணைல வேடிக்கை என்னன்னா மேல ஒரு ராட்சச ரப்பர் பை, கோடைல காத்தடிச்சு உப்ப வச்சா அணை, மழைக்காலத்துல காத்த புடுங்கிட்டா வெள்ளம் மேல ஓடிரும். அதுக்கு கீழ கோடைல மணல்தான். சாக்ரமென்டோ ஆத்துல நேரா போய் சேர்ற ஆறே இல்ல இது, கடைசில ஒரு படிவுக் குட்டைல வண்டல இறக்கிட்டு யோலோ பைபாஸ்ங்கற வெள்ள வடிகால்ல கலக்கும்.

அந்த வண்டல்ல என்ன இருக்குங்கறதுதான் நான் மூணு வருஷமா கட்டிட்டு அழற விஷயம். பாதரசம். தங்க வேட்டை காலத்துல சியரா மலைல தங்கத்தப் பிரிக்க பாதரசம் வேணும், அத தோண்டுனது இந்தப் பக்கத்து மலைல. க்ளியர் லேக் கரைல சல்ஃபர் பேங்க்னு ஒரு பழைய சுரங்கம், 1990லேந்து ஃபெடரல் நச்சுத் தளப் பட்டியல்ல இருக்கு, இன்னும் முடியல. சுரங்கம் மட்டும் இல்ல, அந்த மலைப்பாறையே அப்படி, ஊத்துத் தண்ணிலயும் கசியும். சாக்ரமென்டோ ஆத்து டெல்டாவுக்கு போய் சேர்ற பாதரசத்துல பெரிய பங்கு இந்த ஒல்லி ஓடை கொண்டுபோறது. மீன் புடிக்கலாம், ஆனா எத எவ்ளோ சாப்பிடலாம்னு எச்சரிக்கை போர்டு இருக்கும்.

இதுல யாரும் பேசாத ஒரு பாதிப்பு சொல்றேன். பழங்குடிப் பெண்கள் கூடை முடையறதுக்கு ஆத்தங்கரை கோரையோட வேர எடுப்பாங்க, வில்லோ குச்சிய எடுப்பாங்க. குச்சிய பொளக்கும்போது ஒரு முனை கைல, ஒரு முனை வாய்ல, பல்லால கடிச்சு இழுத்துதான் நாரா பிரிக்கணும். இப்ப அந்த மண்ணுல பாதரசம், கொஞ்சம் தள்ளி வயக்காட்டு மருந்து, படுகைய ஜல்லிக்காரன் தோண்டிட்டான். எங்க போய் எடுப்பாங்க? 2000 வாக்குல உட்லேண்ட் பக்கத்துல பழைய ஜல்லிக் குவாரி இருந்த இடத்துல கூடை முடையறவங்களே கூடி ஒரு தோட்டம் போட்டாங்க, கோரை, வில்லோ, ரெட்பட் எல்லாம் நட்டு. நான் ஒருநாள் களை புடுங்க போனேன், ஒரு அம்மா கோரை வேர மண்ணுக்குள்ள விரல் விட்டு துழாவி அறுபடாம முழ நீளத்துக்கு உருவுனாங்க, நான் இழுத்தா ரெண்டு இஞ்ச்ல பட்டுனு அறுந்துரும். கேசினோ பத்தி எல்லாம் அன்னைக்கு ஒரு பேச்சும் இல்ல.

கோபி_ஃபால்சம் எழுதியது:

இது எனக்கு தெரியாது. ஒத்துக்கறேன்.

ஆனா முத்து, கேசினோ லாபத்துல ஆலிவ் தோட்டம் போட்டு அழகா பாட்டில்ல எண்ணெய் விக்கிறாங்கல்ல, அத பாத்துட்டு ஆஹா ஆர்கானிக், ஆஹா பண்பாடுன்னு எல்லாரும் உருகறாங்க. எண்ணெய் ஊத்தி கழுவுனா சூதாட்டக் காசு சுத்தமாயிடுமா?

செல்வி_எஸ்பார்ட்டோ எழுதியது:

கழுவ யாரும் சொல்லலயே கோபி. எனக்கு தெரிஞ்சு அவங்க யார்கிட்டயும் நல்ல பேரு கேட்டு நிக்கல. பிங்கோ ஹாலுக்கு முன்னாடி இந்த வேலில அவங்களுக்கு பெருசா ஒண்ணும் இல்ல. இப்ப விலைக்கு வாங்கி வாங்கி ஆயிரக்கணக்கான ஏக்கர் திரும்ப அவங்க கைல, அதுல பாதிய வீட்டு மனையாக்கி வித்திருந்தா எங்க ஊரு இன்னைக்கு ஃபால்சம் மாதிரி ஆகியிருக்கும், கோச்சுக்காதீங்க. 2008ல ஆலிவ் நட்டாங்க, 2012ல ப்ரூக்ஸ்ல செக்கு வச்சாங்க, இத்தாலி மெஷின். அதுல அக்கம்பக்கத்து விவசாயிங்களும் காசு குடுத்து ஆட்டிக்கறாங்க. சொந்தப் பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களுக்கு பாட்வின் சொல்லித் தர்றாங்க. எண்ணெய் பாட்டில் மேல இருக்கற சேகாங்கற வார்த்தை பாட்வின்தான், நீலம்னு அர்த்தம். 2009ல ஆபீஸ்காரன் வச்ச ரம்சிங்கற பேர எடுத்துட்டு யோச்சா தெஹேன்னு சொந்தப் பேருக்கு மாறுனாங்க, ஊத்துத் தண்ணி பக்கத்து வீடுன்னு அர்த்தம்.

பாலு ஐயா பஸ்ல பாத்த அம்மாவோட காசும் அதுல இருக்கு, அது எனக்கும் தெரியும். இருபது டாலர்ல நிறுத்துற பாலு ஐயா மாதிரி எல்லாரும் இருந்தா ஹோட்டல்ல ஒரு மாடி கூட எழும்பியிருக்காது. ரெண்டையும் ஒண்ணா வச்சுத்தான் நான் இங்க குடியிருக்கேன்.

பாலு_ஃப்ரீமான்ட் எழுதியது:

போன மாசம் நாப்பது ஆச்சும்மா. பொய் சொல்ல மாட்டேன்.

வெண்பா_விரும்பி எழுதியது:

மாமா!!!

ராஜி_சாக்ரமென்டோ எழுதியது:

அப்டேட். நேத்து திரும்ப போனோம், அப்பாதான் ஆறு மேல எங்கேந்து வருதுன்னு பாக்கணும்னு ஒத்தக்கால்ல நின்னாரு. ரம்சி தாண்டி மலை இடுக்கு வரைக்கும் போனோம், அங்க தண்ணி நல்லா சத்தம் போட்டு ஓடுது, கல்லு மேல உக்காந்து அரை மணி நேரம் கால நனைச்சாரு (பாதரசம் பத்தி சொன்னேன், கால் ஒண்ணும் சாப்பிடாதுன்னுட்டார்). திரும்பும்போது செக்கு இருக்கற இடத்துல எண்ணெய் ருசி பாக்க குடுத்தாங்க, குட்டி கப்புல பச்சையா. அப்பா மடக்னு முழுங்கிட்டு இருமுனாரு பாருங்க, கண்ணுல தண்ணி. அந்தப் பொண்ணு பயப்படவே இல்ல, நல்ல எண்ணெய்னா அப்படித்தான் தொண்டைல கமறும்னு சிரிக்குது. அப்பா தெளிஞ்சு "மிளகு ரசம் கணக்கா நிக்குதும்மா"ன்னு ரெண்டு பாட்டில் வாங்கிட்டாரு. எலுமிச்சை ஊறுகாய்க்கு இது தாங்குமா இல்ல நல்லெண்ணெய்தான் ஊத்தணுமா, இங்க யாராவது போட்டு பாத்திருக்கீங்களா?

கோபி_ஃபால்சம் எழுதியது:

நல்லெண்ணெய்தான். வீண் பண்ணாதீங்க, தோசைக்கு தொட்டுக்கோங்க. பூ இன்னும் இருக்கா, இந்த ஞாயிறு வந்தா பாக்கலாமா?

செல்வி_எஸ்பார்ட்டோ எழுதியது:

வியாழக்கிழமை மழைன்னு போட்டிருக்கான், அடிச்சா மொத்தமும் கொட்டிரும். புதன்கிழமைக்குள்ள வாங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள 16ஐ விட்டு வெளிய போயிருங்க, அப்புறம் எதிர்ல வர்றவங்களுக்கு கண்ணுல வெயில் அடிச்சு ஒண்ணும் தெரியாது.